கல்லாப்பெட்டி மூலையில் கிடக்கும் கைக்கடிகாரங்கள்

சரக்கைப் பற்றி வணிகர்களாகிய நமக்கு ஒரு கணக்கு உண்டு. வேகமாக ஓடினால் நல்ல சரக்கு. அலமாரியில் தூசி படிந்தால் தேங்கிய சரக்கு. அரிசிக்கும் பருப்புக்கும் இந்தக் கணக்கு சரிதான். ஆனால் தினமும் சாவி கொடுத்துக் கட்டிய பழைய கைக்கடிகாரங்களின் விஷயத்தில், முப்பது வருடமாக யாரும் தொடாமல் கிடந்ததற்குத்தான் இன்று விலை அதிகம். நமது மன்னார்குடி வட்டாரத்தில் எத்தனையோ கடைகளின் கல்லாப்பெட்டியில், செல்லாத நாணயங்களோடும் துருப்பிடித்த சாவிகளோடும் அப்பாவின் கைக்கடிகாரம் ஒன்று கிடக்கிறது. அதை என்ன செய்வது என்பது பற்றி அன்பர்கள் சிலர் கேட்டதால், நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் எச்.எம்.டி. பற்றி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. முதல் கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். அதற்கு முன் சாமானியன் கையில் கடிகாரம் ஏறியது அபூர்வம். பின்னர் ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் ஆகிய ஊர்களிலும் தொழிற்சாலைகள் வந்தன. ஜனதா, பைலட், ஜவான், சோனா, கோஹினூர், பெண்களுக்கான சுஜாதா, தானாகச் சாவி ஏறும் காஞ்சன், பார்வையற்றோர் மூடியைத் திறந்து விரலால் தடவி மணி பார்க்கும் பிரெயில் கடிகாரம் என்று வகைகள் பெருகின. தை மாதம் நெல் விற்ற கையோடு கல்யாணம் வைக்கும் நமது பகுதியில், மாப்பிள்ளைக்கு மோதிரமும் கடிகாரமும் போட்டாக வேண்டும். காசு இருந்தாலும் கடிகாரம் கிடைக்காமல் சொல்லி வைத்துக் காத்திருந்த காலம் அது.

பிறகு காற்று திசை மாறியது. 1969 டிசம்பரில் ஜப்பானின் சீகோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பேட்டரியில் ஓடும், சாவி வேண்டாம், நேரமும் பிசகாது. நம் நாட்டில் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களை அழகழகாக இறக்கியது. எச்.எம்.டி. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி 2014-இல் வந்தபோதே வாங்குவோர் கூட்டம் கூடியது. இருந்தபோது யாரும் திரும்பிப் பார்க்காத சரக்கு, இனி வராது என்றதும் தேடப்படும் சரக்காயிற்று. (எச்.எம்.டி. லிமிடெட் பெயரில் புதிய கடிகாரங்கள் அதன் பிறகும் வந்திருப்பதால், பழையது எது, புதியது எது என்று கேட்டு வாங்க வேண்டும்.)

எச்.எம்.டி. பலருக்கும் தெரிந்த பெயர். அதிகம் பேசப்படாதவையும் உண்டு. ஹைதராபாத் ஆல்வின் நிறுவனம் 1980-களில் சீகோவின் தொழில்நுட்பத்தோடு செய்த கடிகாரங்கள் அந்த ரகம். பெங்களூரில் சில காலம் செய்யப்பட்ட ஹெக்டே அண்டு கோலே பெயரை இன்று சொன்னால் பாதிப் பேர் விழிப்பார்கள். இன்னும் பழையது வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் விரும்பிக் கட்டிய வெஸ்ட் எண்ட் நிறுவனத்தின் 'சோவார் பிரைமா'. பெரிய வீடுகளில் பேவர் லூபா இருக்கும். நமக்கு அருகிலுள்ள கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை பக்கம் மலாயா, சிங்கப்பூர் சென்று திரும்பியவர்கள் கொண்டு வந்த சீகோ 5, பிளம் பூ முத்திரை போட்ட டைட்டோனி போன்றவை இன்னும் பீரோவில் இருக்கலாம். நமது அபிப்பிராயத்தில், பெயர் பெற்ற சுவிஸ் கடிகாரத்தைத் துரத்துவதைவிட இவற்றைத் தேடுவதே சிறு வணிகருக்கு ஏற்றது. விலை கைக்கு அடங்கும், வரலாறும் நம்முடையது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மிளகில் பப்பாளி விதையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த நமக்குக் கடிகாரக் கலப்படம் பிடிபடாமல் போகாது. பழைய எச்.எம்.டி. இயந்திரத்தை எடுத்து, டயலைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்து, 'பைலட்' என்று அச்சிட்டு, பளபளப்பாக விற்கிறார்கள். இதை 'ரீடயல்' என்பார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். நிமிடக் கோடுகள் இடம் தவறி நிற்கும். ஆரஞ்சும் கிளிப்பச்சையுமாகக் கண்ணைப் பறிக்கும் டயலைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் பேரம் வேண்டாம். மூட்டையில் குத்தூசி போடாமல் அரிசி வாங்குவோமா?

அதே காரணத்தால், வீட்டில் உள்ள அசல் டயல் மங்கிப் போயிருந்தாலும் அதைப் புதுப்பிக்கக் கொடுக்காதீர்கள். கூட்டைப் பாலிஷ் போடுவதும் வேண்டாம். மங்கல்தான் அசலுக்குச் சாட்சி. சேகரிப்பவர் அதற்குத்தான் பணம் கொடுக்கிறார். பளிச்சென்று ஆக்கிய மறுநிமிடமே அது சாதாரணப் பழைய கடிகாரமாகிவிடும். பெட்டி, பில், உத்தரவாதச் சீட்டு இருந்தால் அவற்றைக் கடிகாரத்தோடு சேர்த்தே வைக்க வேண்டும்.

பல வருடம் நின்ற கடிகாரத்துக்கு ஆசையாகச் சாவி கொடுத்து தினமும் ஓட்டுவதும் தவறு. உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். உலர்ந்த நிலையில் ஓடினால் சக்கரங்களின் நுனி தேயும். ஒருமுறை கழட்டிச் சுத்தம் செய்து எண்ணெய் போட்ட பிறகே ஓட விட வேண்டும். நல்ல நிலையில் உள்ள 17 கல் இயந்திரம் ஒரு முழுச் சாவிக்கு ஒன்றரை நாளாவது ஓட வேண்டும். நாளுக்கு ஓரிரு நிமிடம் முன்பின் போனால் சரிசெய்யக் கூடியதே. இருட்டில் ஒளிரும் மிகப் பழைய டயல்களில் ரேடியம் கலந்த பூச்சு இருக்கக்கூடும். அதைச் சுரண்டவோ, குழந்தைகள் கையில் கொடுக்கவோ கூடாது.

இந்த வேலைக்குக் கைப்பழக்கம் உள்ளவர்கள் குறைந்து வருகிறார்கள். கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். உதிரிபாகமும் பழைய கடிகாரங்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஓடாத கடிகாரத்தையும் பேரீச்சம்பழக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதன் ஒரு சக்கரம் இன்னொன்றைப் பிழைக்க வைக்கும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடையின் நடப்பு முதலை இதில் போடக்கூடாது என்பதில் நாம் கண்டிப்பாக இருக்கிறோம். மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய தவணையை நிறுத்தி வைத்துக் கடிகாரம் வாங்கினால், அவசரத்துக்கு விற்கும்போது பாதி விலைகூட வராது. இதற்குத் தினசரி மார்க்கெட் கிடையாது. சரியான ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டுச் செலவில் மீந்ததைக் கொண்டு வருடத்துக்கு ஒன்றிரண்டு வாங்கினால் போதும்.

தெரியாத ஆள் அவசரமாக வந்து மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்றால் வாங்கியவரும் போலீஸ் நிலையம் ஏற வேண்டும். விற்பவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல், கையெழுத்து பெற்று, தேதியோடு ஒரு தனி நோட்டில் எழுதி வையுங்கள். இதையே தொழிலாகச் செய்யும் ஜி.எஸ்.டி. பதிவுதாரர், உள்ளீட்டு வரி எடுக்காமல் இருந்தால், பழைய பொருளுக்குக் கொள்முதல் விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது மட்டும் வரி கட்டும் முறை உண்டு. உங்கள் கணக்கரிடம் கேட்டு, முதல் கடிகாரம் வாங்கும்போதே பேரேட்டில் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.