உய்சொங்: பூண்டும் முதுமையும்

தென்கொரியாவின் வட கியோங்சாங் மாகாணத்தில், கடலைக் காணாத உள்நாட்டு மாவட்டம் உய்சொங். பூண்டே இதன் பெருஞ்செல்வமாகும். நெல்லறுத்த வயலில் இலையுதிர் காலத்தே பூண்டுப் பற்களை ஊன்றுவர். அவை கடுங்குளிரை மண்ணுக்குள் கழித்து, ஜூனில் முற்றும். உடனே அவ்வயலில் நாற்று நடவு.

நிலம் ஓய்வதில்லை, உழைப்போரோ அருகி வருகின்றனர். கொரியாவில் முதியோர் விகிதம் மிகுந்த மாவட்டங்களுள் இஃது ஒன்று. இளையோர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் கர்லிங் ஆட்டத்தில் வெள்ளி வென்ற கொரிய மகளிரைப் 'பூண்டுப் பெண்கள்' என உலகம் அழைத்தது; அவருள் பெரும்பாலோர் இவ்வூரார். அப்புகழ் வயலுக்கு ஆள் சேர்க்கவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

2025 மார்ச்சில் இங்கு மூண்ட காட்டுத்தீ கிழக்குக் கடற்கரை வரை பரவிற்று. மாண்டோருள் முதியோரே மிகுதி.