பழைய குற்றங்கள் மன்றுக்குத் தெரிய வேண்டும்

மது அருந்தி வாகனம் ஓட்டி ஏற்கெனவே இருமுறை தண்டம் கட்டியவர், ஏ-9 வீதியில் என் தம்பியை மோதிக் காயப்படுத்திவிட்டார். இம்முறையும் தண்டப்பணத்தோடு விட்டுவிடுவார்களா? (வாசகர், கிளிநொச்சி)

அவ்வாறு விட்டேயாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. சாரதி அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தவும் இரத்துச் செய்யவும் நீதவானுக்கு அதிகாரமுண்டு. ஆனால், தம்முன் வைக்கப்பட்ட தகவலைக் கொண்டே அவர் தண்டனையை அளவிடுகிறார் என்பதால், எதிரி முதல் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ள, பொலிஸார் முற்குற்றத் தீர்ப்புகளை முன்வைக்கத் தவறினால், வவுனியாவில் ஒருமுறையும் முல்லைத்தீவில் மறுமுறையும் தண்டம் கட்டியவர்கூட முதன்முறை தவறியவராகக் கருதப்பட்டுவிடுகிறார். இது பாதிக்கப்பட்டவருக்கு இழைக்கப்படும் அநீதியாகும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு அனுமதிக்கும் நிபந்தனை விடுதலையும், அதாவது நன்னடத்தைக்கு உறுதி பெற்று அனுப்பிவைத்தலும், குற்றவாளியின் முன்நடத்தையைக் கருதியே வழங்கப்படுகிறது.

பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், குற்றத்தீர்ப்புக்குப் பின்னரும் தண்டனைக்கு முன்னரும், தமக்கு நேர்ந்த பாதிப்பைத் தம்பி நேரிலோ சட்டத்தரணி மூலமோ மன்றில் எடுத்துரைக்கலாம். ஆகவே அடுத்த தவணைக்கு முன்பே, முற்குற்றப் பதிவுகளை மன்றில் சமர்ப்பிக்குமாறு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் கோரி, அதன் பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டத்தரணியை அமர்த்த வசதியில்லையெனில் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.