ரேம் போட்டால் மட்டும் போதுமா?

"ரேம் கூட்டிப் போட்டா புதுசு மாதிரி ஓடும்." பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில், பிள்ளைகள் வெளியூருக்குப் போய்விட்ட பெரியவர்கள் வீடுகளில் இதை நிறையக் கேட்கிறேன். எங்கள் தெரு அங்கிளும் அதை நம்பித்தான் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் 8 ஜிபி ரேம் வாங்கி வந்தார். 2012-இல் வாங்கிய டெஸ்க்டாப், உள்ளே எச்61 போர்டு. "அழுத்தினாலும் உள்ள போக மாட்டேங்குதுப்பா" என்றார். நல்லவேளை, அதற்கு மேல் அழுத்தவில்லை.

அவர் வாங்கியது டிடிஆர்4, போர்டு கேட்பது டிடிஆர்3. ரேம் எல்லாம் ஒன்றுதான் என்ற நம்பிக்கைக்குத்தான் அதிகம் பணம் போகிறது. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டிலும் 240 பின்கள். ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். முன்னதற்கு 1.8 வோல்ட், பின்னதற்கு 1.5. டிடிஆர்4-இல் 288 பின்கள், 1.2 வோல்ட். லேப்டாப்பில் இன்னும் கவனம் தேவை: இன்டெலின் நான்காம் தலைமுறை லேப்டாப்புகள் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வகையைத்தான் கேட்கும். பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போவதே உத்தமம்.

மாற்றி வாங்கிப் போட்டோம். பழைய 4-உடன் சேர்த்து 12 ஜிபி. ஆனால் விண்டோஸ் பயன்படுத்தியது மூன்றரைக்குள்தான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அங்கிள் கொதித்தார். கடைக்காரர்மேல் தவறில்லை. மெஷினோடு வந்தது 32 பிட் விண்டோஸ் 7. பிறகு இலவசமாக விண்டோஸ் 10-க்கு மாறியபோதும் 32 பிட்டாகவே தொடர்ந்தது. வீட்டு விண்டோஸில் அந்த வகை 4 ஜிபியைத் தாண்டாது. அழித்துவிட்டு 64 பிட் போட்டால்தான் மிச்ச ரேம் வேலைக்கு வரும்.

வேறு கம்பெனி ரேமைச் சேர்த்தால் போர்டு போய்விடும் என்பதும் பயம்தான். வகை ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். சில ஜோடிகள் ஒத்துப்போகாமல் மெஷின் தொங்கும். ஓர் இரவு மெமரி டெஸ்ட் ஓடவிட்டால் தெரிந்துவிடும்.

ரப்பரால் தேய்த்தால் சரியாகும் என்கிறார்களே, அது உண்மை! ஈரக்காற்றில் பின்கள்மேல் படியும் படலம்தான் பல 'பீப்' சத்தங்களுக்குக் காரணம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள்.

உண்மையில் வாங்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். வழக்கமான வேலை நடக்கும்போது மெமரி 90 சதவீதம் தொட்டால் ரேம் வேண்டும். மெமரி பாதி காலியாக இருக்க, டிஸ்க் மட்டும் 100-இல் நின்றால், பெரும்பாலும் குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க். அந்தக் காசுக்கு எஸ்எஸ்டி வாங்குங்கள்.

எவ்வளவு ரேம் போட்டாலும் அங்கிளின் மெஷின் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய பிராசஸரும் கேட்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதனால் ஒரு எஸ்எஸ்டி சேர்த்து 64 பிட் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொடுத்தேன். 12 ஜிபியும் தெரிகிறது. ஞாயிறு காலை பேத்தியோடு வீடியோ கால் தடங்கலில்லாமல் போகிறது.