எப்போது சீட்டைக் கவிழ்ப்பது?

கேள்வி: நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறேன். சங்கராந்திக்குத் தறி நிற்கும் நாட்களில் வீட்டில் 101 ரம்மி ஓடும். பெரும்பாலும் கடைசிவரை நிற்பவன் நான்தான். திருத்தணியிலிருந்து வரும் மச்சானோடு பாயின்ட் ரம்மிக்கு உட்கார்ந்தால் மட்டும் தோற்றுப்போகிறேன். பெங்களூரில் படிக்கும் அண்ணன் மகன் போக்கர் சொல்லிக்கொடுத்தான். அங்கேயும் அதே கதை. எல்லாம் கைராசி என்கிறாள் மனைவி. ஆட்டத்துக்கு ஆட்டம் புத்தியை மாற்ற வேண்டுமா? காசு வைத்து ஆடினால் தப்பா?
- ஒரு வாசகர், நகரி

பதில்: ராசி இல்லை, கணக்குதான். எந்தச் சீட்டாட்டத்திலும் கையைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்குவதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு. நீங்கள் 101-இன் விலையை மனதில் வைத்துக்கொண்டு மற்ற ஆட்டங்களையும் ஆடுகிறீர்கள்.

101-இல் முதல் டிராப் 20, மிடில் டிராப் 40, ஃபுல் 80. 101-ஐத் தொட்டால் வெளியே. உங்கள் கணக்கு 60-இல் நிற்கிறது. கையில் ஒரிஜினல் ரம்மி (ஜோக்கர் இல்லாத வரிசை) சேரும் வழியில்லை, ஜோக்கரும் இல்லை என்று வையுங்கள். கவிழ்த்தால் 80. அடுத்த கையும் மோசம் என்றால் மறுபடி கவிழ்க்கலாம். 100-இல் உயிரோடு இருப்பீர்கள். கணக்கு 61 ஆக இருந்தாலோ இரண்டாவது டிராப்பிலேயே கதை முடிந்தது. அதனால் இங்கே எண்ண வேண்டியது மீதமிருக்கும் டிராப்புகளை. நீங்கள் ஜெயிப்பதும் இந்தப் பொறுமையால்தான். 201-இல் டிராப் 25. அங்கே ஒரு ஃபுல் வாங்கினாலும் நான்கு டிராப் மிஞ்சும். 101-இல் மிஞ்சுவது ஒன்றே. ஆகவே 201-இல் நடுத்தரமான கையைக் கொஞ்சம் துணிந்து ஆடலாம்.

பாயின்ட் ரம்மியில் அடுத்த கை என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு ஆட்டமும் அங்கேயே தீர்கிறது. ஜெயித்தவருக்கு மற்ற எல்லோருடைய பாயின்டும் சேர்கிறது. கடைசிவரை நின்றதற்குப் பரிசு கிடையாது. 101 பழக்கத்தில் சுமாரான கையைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தால் ஆட்டத்துக்கு 20 போகும். எடுப்பதற்கு வாய்ப்பு வராது. ஒரிஜினல் ரம்மி கைக்குள்ளேயே வந்துவிட்டாலோ, இரண்டு ஜோக்கர் இருந்தாலோ தைரியமாக ஆடுங்கள். சேராத ராஜா, ராணிகளை முதலிலேயே இறக்கிவிடுங்கள். ஒவ்வொன்றும் 10 பாயின்ட். மூன்றை வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது மச்சான் டிக்ளேர் செய்தால் அதிலேயே 30 போய்விடும்.

போக்கரில் விலை நிலையாக நிற்பதில்லை, சுற்றுக்குச் சுற்று ஏறுகிறது. டெக்சஸ் ஹோல்டெமில் கைக்கு வந்த இரண்டு சீட்டைப் பார்த்ததும் ஒதுங்கினால், உங்கள் முறை வரும்போது கட்டாயமாக வைக்கும் பிளைண்ட் பணம் தவிர வேறு நஷ்டமில்லை. ‘பார்ப்போமே’ என்று நான்காவது, ஐந்தாவது பொதுச்சீட்டு வரை போய்க் கவிழ்ப்பதுதான் பெரிய செலவு. அங்கே கெட்டிக்காரர்கள் பெரும்பாலான கைகளை முதலிலேயே விட்டுவிடுவார்கள்.

ஒமாஹாவில் கைக்கு நான்கு சீட்டு. அதில் இரண்டிரண்டாக ஆறு விதமாகச் சேர்க்கலாம். எதிராளிக்கும் அப்படியே. ஹோல்டெமில் போதும் என்று தோன்றும் ஒரு ஜோடி இங்கே பலவீனமானது. இன்னொரு பொறியும் இருக்கிறது: கையிலிருந்து சரியாக இரண்டு, மேசையிலிருந்து மூன்று என்பதே விதி. மேசையில் நான்கு ஹார்ட்டின் கிடந்து, உங்களிடம் ஹார்ட்டின் ஆஸ் மட்டும் இருந்தால் ஹோல்டெமில் அது ஃபிளஷ், ஒமாஹாவில் இல்லை.

நம்மூர் மூணு சீட்டிலோ ஜோடிக்கு மதிப்பு அதிகம். சாத்தியமான 22,100 கைகளில் ஜோடியோ அதற்கு மேலோ அமைவது ஏறக்குறைய நான்கில் ஒன்று. போக்கரில் ஃபிளஷ் வரிசையை வெல்லும். இங்கே வரிசைதான் கலர் எனப்படும் ஃபிளஷை வெல்லும். மூன்றே சீட்டில் வரிசை 720 வழியிலும் கலர் 1,096 வழியிலும் அமைவதே காரணம். சீட்டைப் பார்ப்பதற்கும் இங்கே விலை உண்டு: பார்த்து ஆடுபவர், பார்க்காமல் பிளைண்டாக ஆடுபவரைப் போல இரு மடங்கு கட்ட வேண்டும்.

காசு விஷயம். சிகந்தராபாத் கிளப் ஒன்றின் மீதான சத்தியநாராயணா வழக்கில் (1968) உச்ச நீதிமன்றம், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று முடிவெடுக்கும் திறமை ரம்மிக்கு வேண்டும் என்றது. மூணு சீட்டை வெறும் அதிர்ஷ்டம் என்றது. ஆட்டத்தை வைத்து கிளப் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் சொன்னது. உங்கள் நகரி இருக்கும் ஆந்திரா 2020-இல் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி, ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதைத் தடுத்தது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதம் பார்க்காமல், பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடைசெய்கிறது. செயலியில் பணம் கட்டும் பேச்சே வேண்டாம். வீட்டில் புளியங்கொட்டை போதும். மச்சானைத் தோற்கடிக்கும் சந்தோஷம் அதிலும் குறையாது.