கோதுமை ஊர்களில் ஆர்க்கிட் தேடப் போகிறவர்களுக்கு

கேள்வி: செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறோம். காட்டு ஆர்க்கிட் பார்க்க ஆசை. இரண்டு நாள்தான் ஒதுக்க முடியும். எங்கே போகலாம்?

நல்ல மாதம்தான். பெர்த்துக்குக் கிழக்கே விரியும் கோதுமை வட்டாரத்துக்குப் போங்கள். ஐந்தாறு ஊர்களைத் தொட்டுவிட்டு வரும் திட்டம் மட்டும் வேண்டாம். ஒரே ஊரில் தங்குங்கள். குவைரடிங் அல்லது கொரிகின் என் தேர்வு. கொரிகின் பெர்த்திலிருந்து சுமார் 230 கிலோமீட்டர்.

கொடைக்கானலில் ஆர்க்கிட் தேடுவதுபோல மரக்கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள். இங்கே எல்லாம் தரை ஆர்க்கிட். கோடையில் மண்ணுக்கு மேலே ஒன்றும் இருக்காது, கிழங்கு மட்டும் உள்ளே உறங்கும். குளிர்கால மழைக்குப் பிறகுதான் இலையும் பூவும். அதனால் மழை பொய்த்த வருடத்தில் பூவும் குறையும்.

காடு பெரும்பாலும் கோதுமைக்காக அழிக்கப்பட்டுவிட்டது. மிச்சமிருப்பது சாலையோரப் புதர், ஊரையொட்டிய சிறு காப்பிடங்கள், கருங்கல் பாறைகளின் அடிவாரம். இதில் பாறை அடிவாரத்தைத்தான் முதலில் பாருங்கள். பாறைமேல் விழும் மழை வழிந்து கீழே தேங்குவதால் அங்கே ஈரம் நெடுநாள் நிற்கும். குவைரடிங்குக்கும் புரூஸ் ராக்குக்கும் இடையிலுள்ள கோகர்பின் பாறையை மெதுவாகச் சுற்றினாலே அரை நாள் போய்விடும். மஞ்சள் கௌஸ்லிப், கழுதைக்காதுபோல இரண்டு இதழ் விடைத்த டாங்கி, நீண்டு மெலிந்த இதழ்களோடு ஸ்பைடர் என்று கண் பழகப் பழக ஒவ்வொன்றாகத் தென்படும். சன் ஆர்க்கிட் வகைகளுக்கு மட்டும் அதிகாலையில் போய்ப் பயனில்லை. வெயில் ஏறிய பிறகுதான் மலரும், மேகம் போட்டால் திறக்கவே திறக்காது.

எங்கே பூத்திருக்கிறது என்பதை ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். பல ஊர்களில் சமூக வள மையம் உண்டு. போன வாரம் எந்தத் திருப்பத்தில் பூ இருந்தது என்பதுவரை சொல்லக்கூடியவர்கள் அங்கே கிடைப்பார்கள்.

நிலத்தடி ஆர்க்கிட் பற்றிப் படித்துவிட்டு ஆசைப்பட்டிருப்பீர்கள். 1928இல் கொரிகின் பக்கம் ஒரு விவசாயியின் நிலத்தில்தான் அது முதலில் கண்ணில் பட்டது. பச்சையமே இல்லாத செடி. புரூம் புஷ் புதரின் வேரோடு உறவுள்ள பூஞ்சை வழியாக உணவைப் பெற்று, மண்ணுக்குள்ளேயே பூக்கிறது. அழிவின் விளிம்பில் இருப்பதால் அதைத் தேடி மண்ணைக் கிளறவே கூடாது. அதை விட்டுவிடுங்கள்.

மற்றவற்றிலும் கை வைக்காதீர்கள். அனுமதியின்றிப் பூப்பறிப்பது சட்டப்படி குற்றம். கிழங்கோடு தோண்டி வந்தாலும், துணைப் பூஞ்சை இல்லாமல் தொட்டியில் பிழைக்காது. படமெடுக்க மண்டியிடும் முன் முழங்கால் படும் இடத்தையும் பாருங்கள். இலை மட்டும் விட்ட ஆர்க்கிட் அங்கே இருக்கலாம். வேரழுகல் நோய் செருப்பில் ஒட்டிய மண் வழியாகப் பரவும் என்பதால், காருக்குள் ஏறுமுன் காலணியைத் துடைத்துவிடுங்கள். வேலிக்குள் பூ தெரிந்தால் நிலத்துக்காரரைக் கேட்காமல் நுழையாதீர்கள்.

வாடகைக் கார் என்றால் மண் சாலையில் ஓட்ட அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், பல நிறுவனங்கள் தருவதில்லை. சரளைச் சாலையில் திடீரென்று பிரேக் போட்டால் வண்டி வழுக்கும். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பொழுது சாயும் நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வரும். அதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.