அளவெடுத்துத் தைத்தாற்போல

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தில் ஈரச்சந்தையும் உணவங்காடியும் தரைத்தளத்தில் உள்ளன. படியேறி மேல்தளத்திற்குச் சென்றால் துணிக்கடைகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கிடையே தையல் இயந்திரங்களின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். புதிய ஆடை தைக்க வருவோரும் உண்டு. இருக்கும் ஆடையைத் திருத்திக்கொள்ள வருவோரும் உண்டு.

ஒரு சனிக்கிழமை காலை, ஒரு தாயும் பதினாறு வயது மகளும் அங்கிருந்த தையற்காரர் ஒருவரிடம் வந்தனர். அம்மாவின் திருமணப் பட்டுச் சேலையை அக்காவின் திருமணத்தில் உடுத்த வேண்டும் என்பது மகளின் ஆசை. சேலையில் சிக்கல் இல்லை. ரவிக்கைதான் தொளதொளவென்று இருந்தது. அது சேலையோடு சேர்த்து நெய்த துணியில் தைக்கப்பட்டது. கெட்டுப்போனால் அதே நிறத்தில் வேறு துணி கிடைக்காது. அதனால் மகள் முதலில் கடையில் ஓர் ஆயத்த ரவிக்கையை வாங்கிப் பார்த்தாள். ‘எம்’ அளவு உடம்புக்குச் சரியாக இருந்தது. வலைப்பந்து விளையாடும் அவளுடைய கைகளுக்கோ இறுக்கமாக இருந்தது.

இது அவளுக்கு மட்டும் நேர்வதன்று. ஆயத்த ஆடைகள் யாரோ ஒருவருக்காகத் தைக்கப்படுவதில்லை. சராசரி அளவு ஒன்றுக்காகத் தைக்கப்படுகின்றன. அமெரிக்காவில் 1939, 1940ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களின் உடல் அளவுகளைத் திரட்டினார்கள். ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு 1958இல் அங்கு ஆடைகளுக்கு ஒரு பொதுத் தரம் வெளியிடப்பட்டது. 1983இல் அதுவும் கைவிடப்பட்டது. மார்பளவு ஒன்றாக இருக்கும் இருவருக்குத் தோளும் கையும் இடுப்பும் ஒன்றாக இருப்பதில்லையே! ஆடையின் கழுத்துப் பட்டையில் உள்ள எழுத்து, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு பொருள் தருவதும் இன்று வழக்கமாகிவிட்டது.

தையற்காரர் ரவிக்கையை மகளிடம் அணியச் சொல்லி, முதலில் தோளைப் பார்த்தார். ஆடை முழுவதும் தோளில்தான் தொங்குகிறது. தோளைக் குறைத்தால் கைக்குழியும் சிறுத்துவிடும்; கையைப் பிரித்து மீண்டும் பொருத்த வேண்டியிருக்கும். இடுப்பையும் நீளத்தையும் திருத்துவது எளிது. தோள் பொருந்தாத ஆடையைத் திருத்த முயல்வதைவிட வாங்காமல் இருப்பதே நல்லது. நல்ல வேளையாக, இந்த ரவிக்கையின் தோள் சரியாக இருந்தது.

பிறகு அதைக் கழற்றி வரச் சொல்லி, உட்புறத்தைத் திருப்பினார். நல்ல தையற்காரர்கள் ரவிக்கையின் பக்கவாட்டில் துணியை மிச்சம் விட்டு, இரண்டு மூன்று வரிசைகளாகத் தையல் போடுவார்கள். உடம்பு பெருக்கும்போது உள்வரிசையைப் பிரித்தால் போதும். அம்மா அப்படிப் பலமுறை பிரித்திருந்தார். பிரித்த இடங்களில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. பட்டுத் துணியில் அந்தத் தடம் எளிதில் மறையாது.

தையற்காரர் அளவு நாடாவை மகளின் மார்பைச் சுற்றிப் பிடித்தார். பிறகு ரவிக்கையில் வைத்துப் பார்த்தார்.

“அம்மா, முதல்ல போட்ட தையல் தடத்துமேலேயே தைக்கலாம். துளையும் வெளியில தெரியாது. உங்க கல்யாணத்தன்னைக்கு இருந்த அளவு பாப்பாவுக்குச் சரியா இருக்கு.”

அம்மா ரவிக்கையை வாங்கி அந்தத் தடத்தைச் சிறிது நேரம் பார்த்தார்.

“அப்போ மிச்சத் துணியை வெட்டிடுங்க அண்ணே. உள்ளே தடிப்பா இருக்குமே.”

“வெட்ட வேண்டாம்மா. வளர்ற பிள்ளை. வெட்டிட்டா நாளைக்கு யாராலும் ஒட்ட முடியாது.”

வெள்ளைச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டு, புதன்கிழமை வரச் சொன்னார்.

புதன்கிழமை மகள் ரவிக்கையை அணிந்துகொண்டு கண்ணாடி முன் நேராக நின்றாள். அழகாகப் பொருந்தியிருந்தது. அம்மா பணத்தை எடுக்கப் போனார். தையற்காரர் தடுத்தார்.

“இருங்கம்மா. பாப்பா, அட்சதை போடணும்ல? கையைத் தூக்கு பார்ப்போம்.”

கையை உயர்த்தியதும் மகளின் முகம் சுளித்தது. தையற்காரர் சிரித்துக்கொண்டே, கையின் அடித்தையலில் ஒரு வரிசையைப் பிரிக்கச் சிறிய கத்தரிக்கோலைத் தேடினார்.