மலைக்கு ஜி.பி.எஸ். வாங்கப் போகிறீர்களா? புதியவர்களுக்குப் பத்து அறிவுரைகள்

ஒருபுறம் குரங்கணி, கொழுக்குமலை. மறுபுறம் வருசநாடு, மேகமலை. நடுவில் நம் கம்பம் பள்ளத்தாக்கு. மலையேறத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "ஐயா, எந்த ஜி.பி.எஸ். நல்லது?" என்பதுதான். கடையிலிருந்து யோசிக்காதீர்கள், நடக்கப்போகும் மலையிலிருந்து யோசியுங்கள். அப்படி யோசித்தால் கருவி தானாகவே அமைந்துவிடும்.

1. போன் போதுமா என்று பாருங்கள். போனிலும் ஜி.பி.எஸ். உண்டு; வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் டவர் இல்லாமலும் அது வேலை செய்யும். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கும் நடைக்கு, வழிகாட்டி கூட இருந்தால், அதுவே போதும். ஆனால் எல்லை முகட்டில் போன் கேரள டவருக்கும் தமிழ்நாட்டு டவருக்கும் மாறி மாறித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். ஆபத்தில் பேசுவதற்கும் அதே போன்தான். இரவு தங்கும் பயணம் என்றால் வழி பார்க்கத் தனிக் கருவி வேண்டும்.

2. பேட்டரியை முதலில் கேளுங்கள். கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் போன்றவை, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் டபுள்-ஏ செல் இரண்டில் சுமார் 25 மணி நேரம் ஓடும். ஜிபிஎஸ்மேப் 67-இல் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. 180 மணி நேரம் வரை என்கிறது நிறுவனம். புதியவர்களுக்கு நான் சொல்வது டபுள்-ஏ. போடியிலும் கம்பத்திலும் பெட்டிக்கடையில்கூட அது கிடைக்கும். பழைய செல்லையும் புதுச் செல்லையும் கலந்து போடாதீர்கள். எந்த வகைச் செல் என்பதை மெனுவில் மாற்றி வையுங்கள். இல்லையென்றால் மீதிச் சார்ஜைத் தப்பாகக் காட்டும்.

3. எத்தனை செயற்கைக்கோள் தொகுதிகளைப் பிடிக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. இடமும் உயரமும் தெரிய குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் வேண்டும். அடர்ந்த சோலைக்காட்டில் இலைக்கூரை சிக்னலை மறைக்கும். பாறைச் சுவரை ஒட்டி நின்றால் அதில் பட்டுத் திரும்பும் சிக்னல் இடத்தைத் தள்ளிக் காட்டும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ ஆகியவற்றையும் பிடிக்கும் கருவி இங்கே கை கொடுக்கும். இரண்டு அலைவரிசைகளில் சிக்னலை வாங்கும் கருவி இன்னும் நல்லது.

4. தொடுதிரையைவிடப் பட்டன் நல்லது. ஆடி மாதச் சாரலில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை சரியாகக் கேட்காது. உச்சி வெயிலில் திரை தெரிகிறதா என்பதையும் கடைக்கு வெளியே வந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

5. மின்னணுத் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் இருந்தால் நல்லது. திசைகாட்டி இல்லாத கருவிக்கு நீங்கள் நடந்தால்தான் திசை தெரியும். மூடுபனியில் அசையாமல் நின்றால் அம்பு எங்கோ காட்டும். பயந்தவர் அதை நம்பி இறங்குவார். ஈட்ரெக்ஸ் 22எக்ஸில் இந்த இரண்டும் இல்லை, ஈட்ரெக்ஸ் 32எக்ஸில் உண்டு. உயரமானியை உயரம் தெரிந்த இடத்தில் சரிசெய்துகொண்டு ஏறுங்கள். கூடாரத்தில் படுத்து எழுந்தபோது, இருந்த இடத்திலேயே உயரம் கூடியிருந்தால் காற்றழுத்தம் குறைந்திருக்கிறது என்று பொருள். மழைக்குத் தயாராகுங்கள்.

6. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி வேண்டாம். 'இன்ரீச்' வசதியுள்ளவை இரிடியம் செயற்கைக்கோள்களில் பேசும். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இவற்றை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். 2024 டிசம்பரில் கனடா நாட்டு ஓட்ட வீராங்கனை ஒருவர் இதற்காகவே கோவா விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டார். ஜிபிஎஸ்மேப் 66, 67 மாடல்களின் எண்ணுக்குப் பின்னால் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இந்த வகை. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்தாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள். சிக்னலை வாங்க மட்டுமே செய்யும் சாதாரண ஜி.பி.எஸ்.ஸுக்கு இந்தத் தடை இல்லை.

7. ஆயத்தொலைவு எழுதும் முறையை ஒத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவர் "10 பாகை 5.30 நிமிடம்" என்று சொல்ல, மற்றவர் அதை "10 பாகை 5 நிமிடம் 30 விநாடி" என்று பதிந்தால் இடம் சுமார் 370 மீட்டர் தள்ளிப்போகும். மலைச்சரிவில் அது அடுத்த ஓடை, அடுத்த முகடு. கருவியில் 'டபிள்யூ.ஜி.எஸ். 84' என்ற அளவை முறை இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய சர்வே வரைபடங்கள் வேறு முறையில் வரைந்தவை. அப்படியே பொருத்தினால் 100 மீட்டருக்கு மேல் விலகும்.

8. திரையில் வரும் நேர்கோட்டில் நடக்காதீர்கள். மூணாறு தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டியில் போடிக்குப் போனது. தேயிலைப் பெட்டி நேராக இறங்கலாம். மனிதர் இறங்க முடியாது. கருவி காட்டும் "இன்னும் 2 கிலோமீட்டர்" என்பது பறவைக் கணக்கு. இடையில் செங்குத்துப் பாறை இருப்பதை அது சொல்லாது. சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடத்தை ஏற்றி, கோடுகள் நெருங்கும் இடத்தை விட்டு விலகி நடங்கள்.

9. ஊரிலேயே பழகுங்கள். வாங்கியதும் வீரபாண்டி ஆற்றங்கரையிலோ வைகை அணைப் பக்கமோ நடந்து, நடந்த தடத்தைப் பதிவுசெய்து, அதே தடத்தில் திரும்பி வாருங்கள். மலையில் உங்களைக் காப்பாற்றும் வசதி அந்தத் திரும்பும் தடம்தான். பதிவைப் புறப்படும் இடத்திலேயே தொடங்குங்கள். வழி தவறிய பிறகு தொடங்கிப் பயனில்லை. காகித வரைபடமும் சாதாரணத் திசைகாட்டியும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

10. கருவி நிற்கும் இடத்தைச் சொல்லும். அங்கே நிற்கலாமா என்று சொல்லாது. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்சரிவில் தீ மேல்நோக்கி மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஏறும். அது எந்தப் பக்கம் திரும்பும் என்பதை எந்தத் திரையும் காட்டாது. மாசி, பங்குனியில் வனத்துறை பாதையை மூடினால் வாதாடாதீர்கள். மேகமலைப் பக்கம் 2021 முதல் புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. அரசு 2024-இல் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை 40 பாதைகளோடு தொடங்கியது. அவற்றில் ஒன்றில், உள்ளூர் வழிகாட்டியோடு தொடங்குங்கள்.

கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு நல்ல காலணிக்கு, அடுத்தது வழிகாட்டிக்கு, மீதிதான் கருவிக்கு. டபுள்-ஏ செல், பட்டன், திசைகாட்டி, பல செயற்கைக்கோள் தொகுதிகள்: இந்த நான்கும் இருந்தால் முதல் கருவிக்கு அது போதும். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.